தட்டின் நடுவே ஒரு குழி

அன்புக்கரசிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கைதான் வேகமாகும். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவள். வகுப்பு முடிந்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆய்வகத் தொட்டியடியில் நின்று கண்ணாடிக் குடுவைகளைத் தேய்க்கத் தொடங்கினாள் என்றால், "மேம் இன்னைக்கு அடுப்புல இருக்காங்க" என்று மாணவிகள் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். குடுவை கழுவ அங்கே வேறு ஆள் உண்டு. அந்த ஆளும் ஒதுங்கிக்கொள்வார்.

வைகாசி பிறந்த அந்த வாரம், துறையில் கழுவாத குடுவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் தம்பி டில்லிபாபு செத்துப்போயிருந்தான்.

அக்காளும் தம்பியும் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர்கள். அப்பா நெடுஞ்செழியன் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். மூத்தது பெண்ணாகப் பிறந்தபோது அன்புக்கரசி என்று அவர் ஆசைப்பட்டுப் பெயர் வைத்தார். அடுத்து பிள்ளை பிறந்ததும் அம்மா முந்திக்கொண்டு டில்லிபாபு என்று வைத்துவிட்டாள். "டில்லிக்கும் நமக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்று கேட்டவரிடம், "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. பேச்ச வுடு" என்றாளாம். அந்தப் பாகப்பிரிவினை கடைசிவரை அப்படியே நின்றது. அப்பாவின் பெண் படித்தாள். அம்மாவின் பிள்ளை சாமி தூக்கினான்.

டில்லிக்குப் பிழைப்பு சீரியல் விளக்குப் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கோயில், கட்சி, எதுவானாலும் வண்ண விளக்கை மாட்டி மின்சாரம் கொடுத்துவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறவன். மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்து சந்தில் மனைவி ஜானகியோடு குடியிருந்தான். நாற்பது தாண்டாத வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அக்காள் மாத்திரை வாங்கிக் கொடுப்பாள், திட்டுவாள். அவன் மாத்திரையையும் திட்டையும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வான்.

பங்குனி வந்தால் மட்டும் அவனை யாரும் பிடிக்க முடியாது. அறுபத்துமூவர் ஊர்வலத்தில் ஒரு நாயனார் சப்பரத்துக்கு அவனும் அவன் கூட்டாளிகளும்தான் தோள். வெறுங்காலோடு, உச்சி வெயிலில், உருகுகிற தார் ரோட்டில் மாட வீதிகளைச் சுற்ற வேண்டும். போன வருஷமே அன்புக்கரசி சண்டை பிடித்தாள்.

"சர்க்கரைக்காரன் கால்ல உணர்ச்சியே இருக்காதுடா. சுட்டாத் தெரியாது. ரப்பர் செருப்பு ஒண்ணு போட்டுக்கினு தூக்கேன்."

"செருப்புப் போட்டுக்கினு சாமி தூக்குவாங்களா? நாயனாரு எறங்கி வந்து அறைவாரு. நீ காலேஜ்ல பூச்சி வளக்கறவ, உனக்கு இன்னா தெரியும்?"

"பூச்சி இல்லடா, கிருமி."

"ரெண்டும் ஒண்ணுதான். கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான் வித்தியாசம்."

இந்த வருஷமும் தூக்கினான். உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பியது. அவனுக்கு அது தெரியக்கூட இல்லை. தரையில் ஈரத் தடத்தைப் பார்த்து ஜானகிதான் சொன்னாள். அந்தச் சமயம் அன்புக்கரசி விடைத்தாள் திருத்தும் முகாமில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் கேட்டபோது, "சின்னக் கொப்புளம்கா. மருந்து போட்டாச்சு" என்றான். அவள் நேரில் வந்து பார்த்தபோது பாதம் கறுத்திருந்தது. காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவன் தங்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஜானகி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அன்புக்கரசியின் மடியில் வைத்தாள். எறிந்தாள் என்றும் சொல்லலாம்.

"இதத்தான் போட்டாரு. காலைல ஒரு தபா, சாய்ந்திரம் ஒரு தபா, சாமி கும்புடற மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வான்னு நானும் அடிச்சிக்கினேன். 'எங்க அக்கா செக் பண்ண மருந்துடி இது, எந்த டாக்டர் இதுக்கு மேல இன்னா தரப் போறான்'னு சொல்லிச்சு."

"நான் எங்கடி செக் பண்ணேன்?"

"உன் எழுத்துதானே அண்ணி இது? பாரு."

பச்சை டப்பா. 'பசுங்காப்பு' என்று பெயர். 'ஆறாத புண்ணையும் ஆற்றும் இயற்கை ஆன்டிபயாடிக்'. மூடியில் ஒரு வட்டத் தட்டின் படம், அதன் கீழே 'கல்லூரி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'. தட்டின் விளிம்பில் கறுப்பு மையில் ஓர் 'அ'. கடைசிச் சுழியை மேலே இழுத்து வால் மாதிரி விடுகிற 'அ'. ஆய்வகத்தில் எல்லோரும் தட்டில் தங்கள் பெயரின் முதலெழுத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். அவள் ஒருத்திதான் தமிழில் எழுதுவாள். சின்ன வயதில் அவள் சிலேட்டைப் பார்த்து, "உன் 'அ'வுக்கு வால் மொளைச்சிருக்குடி" என்று கேலி செய்தவன் டில்லி. மருந்துக்கடையில் நூறு டப்பா அடுக்கியிருந்தாலும் அந்த வாலை அவன் கண் தப்பவிடாது.

அன்புக்கரசி மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முதலில் 'அ' தெரிந்தது. பிறகு அவள் கண் படத்தின் கீழ் ஓரத்துக்குப் போனது. அங்கே வட்டம் முடியவில்லை; நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு பிறை எட்டிப் பார்த்தது.

வெட்டுகிற இயந்திரத்துக்காரர் பெற்ற பெண். எதை வைத்திருக்கிறார்கள் என்பதைவிட எதை வெட்டினார்கள் என்பதுதான் அவள் கண்ணுக்கு முதலில் தெரியும்.

அந்தத் தட்டு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வேப்பிலை எந்தக் கிருமியைக் கொல்லும் என்று துறையில் பார்த்த சமயம். செய்முறை எளிது. ஜெல்லி ஊற்றிய தட்டில் சீழ்க்கிருமியைத் தடவி, சின்னச் சின்னக் குழி தோண்டி, குழிக்குள் இலைச் சாற்றை விட்டு, இரவு முழுக்க உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். காலையில் தட்டு முழுக்கக் கிருமி பால் ஆடை மாதிரி படர்ந்திருக்கும். சாறு கொல்லுமென்றால் குழியைச் சுற்றி ஆடை படராமல் தெளிவாக ஒரு வளையம் விட்டிருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இலையின் சத்து தண்ணீரில் சரியாக இறங்காது, சாராயத்தில்தான் இறங்கும். சாராயமோ தன் பங்குக்குத் தானே கிருமியைக் கொல்லும். அதனால் ஒரு குழியில் இலையே இல்லாமல் வெறும் சாராயத்தை மட்டும் விட வேண்டும். அந்த வளையத்தைக் கழித்துத்தான் இலையின் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் குழிக்கு அவள் 'வெ' என்று எழுதுவாள். வெறும். வழக்கப்படி அதைத் தட்டின் கீழ் ஓரத்தில் வைப்பார்கள்.

அன்றைக்கு 'வெ'யைச் சுற்றியும் வளையம் இருந்தது. இலைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் சிறியது. மூடியில் இருந்த பிறை அந்த வளையத்தின் மேல் விளிம்பு.

"இத நான் வெச்சுக்கறேன்" என்று டப்பாவைப் பையில் போட்டாள்.

"வெச்சுக்க. எனக்கு எதுக்கு?" என்றாள் ஜானகி. "உன் எழுத்து இல்லாங்காட்டி அவரு இத வாங்கிருக்க மாட்டாரு அண்ணி. நான் சண்டைக்குச் சொல்லல. உள்ளதச் சொல்றேன்."

சண்டைக்கு என்றால் தாங்கியிருப்பாள்.

*

துறைத் தலைவர் சுந்தரராமன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தெற்கு மாட வீதிக்காரர். அவர் கையெழுத்தும் பேச்சும் சட்டையும் ஒரே மடிப்பில் இருக்கும். அன்புக்கரசி டப்பாவை அவர் மேஜையில் வைத்தபோது அவர் முதலில் கண்ணாடியைத் துடைத்தார்.

"உட்காருங்கோ. தம்பி விஷயம் கேள்விப்பட்டு மனசே சரியில்லை. ஆத்துல கூடச் சொல்லிண்டிருந்தேன்."

"இந்தப் படத்த யார் சார் குடுத்தது?"

"நான்தான் குடுத்தேன். ஒளிச்சு மறைச்செல்லாம் பண்ணலை. தி. நகர்ல பொன்ராஜ்னு ஒருத்தர், மூலிகைப் பொருள் போடறார், நல்ல மனுஷர். நம்ம காலேஜ் பேர் நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு தோணித்து."

"கீழ ஒரு குழி இருந்ததே சார்."

"ஓரம் மங்கலா இருந்தது. படத்துக்கு எடுப்பா இல்லைன்னு..."

"'வெ' இருந்தது சார் அந்த ஓரத்துல."

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"நான் இந்தக் களிம்பப் புண்ணுல போட்டுக்கோன்னு யாருக்கும் சொல்லலையேம்மா. வேப்பிலைக்கு சக்தி இருக்குங்கறது பொய்யா? அம்மை கண்டா வேப்பிலை கட்டறோம். மஞ்சள் பூசறோம். லோகம் பூரா ஆராய்ச்சி பண்றா."

"இருக்கட்டும் சார். என் தம்பி என் எழுத்தப் பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டுல கெடந்தான்."

இந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று அவள் பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். சொன்னபோது அது ஏதோ வருகைப் பதிவு வாசிப்பது மாதிரி வந்தது.

"என்ன பண்ணணுங்கறேள்?"

"என் தட்டு அந்த டப்பாவுல இருக்கக் கூடாது."

"பொன்ராஜ் அடுத்த வாரம் வரார். காலேஜோட ஒப்பந்தம் பேசப் போறார். அன்னிக்கு அவருக்கும் பசங்களுக்கும் முன்னால இதே பரிசோதனையத் திரும்பப் பண்ணுங்கோ. முறையா, ஒண்ணும் விடாம. நீங்க சொல்றது தட்டுல தெரிஞ்சா நானே எடுக்கச் சொல்றேன். என் வார்த்தை."

"தெரியலேன்னா?"

"அப்போ இலை ஜெயிச்சதுன்னு அர்த்தம். நானும் நீங்களும் அத ஒத்துண்டுதான் ஆகணும்" என்றார், மிக மென்மையாக.

அவள் வெளியே வந்து நேராகத் தொட்டிக்குப் போனாள். ஒரு குடுவை கையிலேயே உடைந்தது.

*

மனிதரின் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. குற்றவாளி கையில் அகப்படாவிட்டால் அகப்பட்டதைக் குற்றவாளி ஆக்கிவிடும். அந்த வாரம் அன்புக்கரசிக்கு வேப்ப மரத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரி வாசலில் ஒன்று நின்றது. தெருமுனையில் பால் பூத்துக்குப் பின்னால் ஒன்று. மாரியம்மன் படத்தில், பற்பசையில், சோப்பில், வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகிற கைவைத்தியத்தில், எங்கும் அதே ரம்பப்பல் இலை. துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி, "மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழச்சுப் போட்டிருந்தா காலை எடுக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்புக்கரசி அவளுக்குக் காப்பி கொடுத்தாள். டம்ளரை வாங்கித் தேய்த்த தேய்ப்பில் அதன் பூ வேலைப்பாடு தேய்ந்தது.

இலை தோற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு வளையமும் விடாமல், கிருமி குழியின் விளிம்புவரை படர்ந்து, பொன்ராஜ் முகத்தில் கரியைப் பூச வேண்டும்.

தோற்கடிக்க வழியும் இருந்தது. ஆய்வக அலமாரியில், யாரோ மாணவி ஆராய்ச்சிக்கென்று பொடித்து மறந்துபோன பழைய வேப்பிலைத் தூள் ஒரு பாட்டிலில் கிடந்தது. வெயில் பட்டு நிறம் மங்கி, பழைய சுருட்டுத் தூள் மாதிரி ஆகியிருந்தது. அதில் ஒரு சத்தும் மிஞ்சியிருக்காது. அதைச் சாராயத்தில் ஊறவைத்தால் சாராயத்தின் வளையம்தான் வரும். வேப்பிலை வேப்பிலைதான், எப்போது பொடித்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்தும் விட்டாள். அப்போதுதான் தன் கைக்கும் அந்தப் படத்தை வெட்டிய கைக்கும் என்ன வித்தியாசம் என்று உறைத்தது. அவர் ஓரத்தை வெட்டினார். இவள் இலையையே வெட்டப் பார்க்கிறாள்.

"சீ" என்றாள், காலியான அறையில் சத்தமாக. பாட்டிலைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். பிறகு வெளியே போய், அவளுக்குப் பிடிக்காத அதே வாசல் மரத்தில், பிஞ்சும் முற்றலும் இல்லாத நல்ல இலையாகப் பார்த்துப் பறித்தாள். நிழலில் உலர்த்தினாள். தாயார் பிள்ளைக்குப் பத்தியம் சமைப்பது போல ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தாள். பசுங்காப்பு களிம்பையும் ஒரு குழியில் வைக்கலாமே என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். அதற்கும் மறுத்துவிட்டாள். களிம்பு எண்ணெய்ப் பசை, ஜெல்லியில் இறங்காது. அதை வைத்துத் தோற்கடித்தால் அழுகுணி ஆட்டம். டப்பா எந்த இலையைச் சொல்லி விற்கிறதோ அந்த இலையே வரட்டும்.

இரண்டே இரண்டு மாற்றம் செய்தாள்.

வழக்கமான தட்டோடு இன்னொரு தட்டும் வைத்தாள். அது ஆட்டு ரத்தம் கலந்தது. புண் என்பது ஜெல்லி இல்லை. அங்கே ரத்தமும் சீழும் நிணநீரும் இருக்கும். இலையின் துவர்ப்புச் சத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கிருமியைப் பிடிப்பதற்கு முன்னால் எதிர்ப்படுகிற புரதத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். வாழைக்காயை நறுக்கினால் கையிலும் கத்தியிலும் கறை ஒட்டிக்கொள்வதைப் போல.

இன்னொரு மாற்றம், குழி தோண்டுகிற இடம்.

*

பொன்ராஜ் வெள்ளைச் சட்டையோடு, கும்பிட்ட கையோடு வந்தார். எல்லோருக்கும் கடலை மிட்டாய்ப் பெட்டி கொண்டுவந்திருந்தார். அவரும் நல்ல மனிதராகவே இருந்தார். அன்புக்கரசிக்கு எரிச்சலூட்டியதே அதுதான். கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

முந்தின நாள் அடைகாப்புப் பெட்டியில் வைத்த தட்டுகளை எல்லோர் முன்னாலும் வெளியே எடுத்தாள். மாணவிகள் சுற்றி நெருக்கினார்கள். சுந்தரராமன் பின்னால் கைகட்டி நின்றார்.

முதல் தட்டு. மேலே 'வே', வேப்பிலை. கீழே 'ம', ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமாக வைக்கிற ஆஸ்பத்திரி மருந்து. இரண்டுக்கும் நடுவில், தட்டின் நட்டநடுவில், 'வெ'.

'ம'வைச் சுற்றிப் பெரிய வளையம். 'வெ'யைச் சுற்றிச் சின்ன வளையம். 'வே'யைச் சுற்றி...

அன்புக்கரசி குனிந்து அளவுகோலை வைத்தாள். மறுபடி வைத்தாள். 'வெ'யைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் பெரிது.

இலை தோற்கவில்லை.

அளவை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இலைக்கு சக்தி இருக்கு" என்றாள். "சாராயத்தக் கழிச்சாலும் மிச்சம் நிக்குது. நல்ல இலை. பொய் சொல்லல."

"மேம், வெறும் சாராயமே இவ்ளோ கொல்லுதே!" என்றாள் முன்வரிசை மாணவி மஹதி.

"அப்ப ஒயின் ஷாப்புல போய் காலை நனைச்சா போதும்டி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

பொன்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே சார்! மேடம் வாயாலேயே வந்துருச்சு!" என்று போனை எடுத்தார். தட்டின் மேல் பிடித்தார். கொஞ்சம் தூக்கினார், இறக்கினார், பக்கவாட்டில் சாய்த்தார். இலையின் வளையத்தை முழுசாகப் பிடித்தால் நடுக்குழி வந்து தொலைத்தது. நடுக்குழியை விட்டால் இலையின் வளையம் பாதியில் நின்றது. மனுஷர் தட்டைச் சுற்றி ஒரு பிரதட்சிணமே வந்துவிட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இந்த நடுவுல இருக்கறத மட்டும் கொஞ்சம் ஓரமாப் போட்டிருக்கலாம். படம் அழகா விழும்."

"போன தடவை ஓரமாத்தான் போட்டேன்" என்றாள் அன்புக்கரசி. "அறுத்துட்டீங்க."

அவள் இரண்டாவது தட்டைத் திறந்தாள். செக்கச்செவேலென்று இருந்தது. 'ம'வைச் சுற்றி வளையம் அப்படியே நின்றது. 'வே'யின் வளையம் சுருங்கி, 'வெ'யின் வளையத்துக்குச் சமமாகிவிட்டிருந்தது. அளவுகோல் வைத்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. மிச்சம் என்று காட்டிய அத்தனையையும் ரத்தம் குடித்துவிட்டது.

"அது ஜெல்லி. இது ரத்தம். மனுஷன் கால்ல எது ஓடுது சார்?"

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடி பாதி தேய்ந்திருந்தது. ஒரு கை அதைத் தினமும் திறந்து மூடியிருந்தது.

"என் தம்பி கரண்டு வேலை பார்த்தவன். படிக்கல. ஆனா என் எழுத்து அவனுக்குத் தெரியும். அத நம்பி இதப் போட்டுக்கினு வீட்டுல உக்காந்தான். கால் போச்சு. அவனும் போய்ட்டான்."

காலேஜில் அவள் 'போட்டுக்கினு' என்று பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே தெரியாமல் வாயில் சிந்தாதிரிப்பேட்டை வந்திருந்தது.

"ஐயோ... மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் பொன்ராஜ். பிறகு, பாவம், வியாபாரி வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா மேடம், டப்பாவுக்கு அடியில போட்டிருக்கோமே... பெரிய புண்ணுக்கு டாக்டரைக் கேக்கவும்னு, சின்ன எழுத்துல."

"சின்ன எழுத்துல" என்றாள் அன்புக்கரசி.

"ஆமா மேடம்."

"டாக்டர் சின்ன எழுத்துல. என் எழுத்து மட்டும் மூடி மேல."

சுந்தரராமன் முன்னால் வந்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திருப்பி அந்தப் பிறையைப் பார்த்தார். கட்டைவிரலால் அதைத் தடவினார், தூசியாக இருந்தால் போய்விடும் என்பது போல.

"படத்த எடுத்துடுங்கோ, பொன்ராஜ்" என்றார். "காலேஜ் பேரும் வேண்டாம். ஒப்பந்தமும் இப்போ வேண்டாம்."

வாக்கைக் காப்பாற்றினார். அன்புக்கரசியின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ரொம்ப நாள் பார்க்கவில்லை. அவள் 'நன்றி' சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்றுமுதல் அந்த ஆய்வகத்தில் ஒரு பழக்கம் மாறியது. எந்த இலையானாலும், துளசியோ மஞ்சளோ குப்பைமேனியோ, முதல் குழியைத் தட்டின் நடுவில்தான் தோண்ட வேண்டும். முதலில் 'வெ'. மற்றதெல்லாம் அதைச் சுற்றி. "ஏன் மேம் நடுவுல?" என்று புதிதாக வருகிற பெண்கள் கேட்டால், "கத்திரிக்கோல் வர்ற இடம் ஓரம்" என்று மட்டும் சொல்வாள்.

*

ஆடியில் புது டப்பா கடைக்கு வந்தது. மயிலாப்பூர்க் கடைத் தெருவில் அம்மன் கூழுக்கு வரிசை நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்புக்கரசி அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு கால்வாய் ஓரத்துச் சந்துக்குப் போனாள். ஜானகி வாசலில் உட்கார்ந்து, டில்லி விட்டுப்போன சீரியல் விளக்குச் சரத்தில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். தொழிலை அவன் கூட்டாளிகளோடு சேர்ந்து அவளே நடத்துவதென்று முடிவாகியிருந்தது.

அன்புக்கரசி டப்பாவை நீட்டினாள். மூடியில் தட்டு இல்லை. 'அ' இல்லை. கல்லூரியும் இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வேப்பங்கொத்து வரைந்திருந்தது.

"எடுக்க வெச்சுட்டேன்டி."

ஜானகி வாங்கிப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். அடியைப் பார்த்தாள். திறந்து மோந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாசனை அவளுக்குத் தெரிந்த வாசனை.

"உன் எழுத்து போச்சு" என்றாள். "டப்பா கீதே, அண்ணி."

சந்து முனையில் யாரோ பறை அடித்தார்கள். தீச்சட்டி எடுத்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்; தலையில் வேப்பிலை, இடுப்பில் வேப்பிலை, கீழே தார் ரோட்டில் வெறும் பாதங்கள். எத்தனை பாதம்! ஒவ்வொன்றும் டில்லியின் பாதம் மாதிரியே அவள் கண்ணுக்குப் பட்டது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பச்சை டப்பா இருக்கிறது? ஓடிப் போய் ஒவ்வொருவர் காலையும் திருப்பிப் பார்க்க முடியுமா? பார்க்க வேண்டும் போல இருந்தது. கத்த வேண்டும் போலவும் இருந்தது. அவளுக்குக் கத்த வராது.

அவள் உள்ளே போனாள். தலைப்பை இடுப்பில் செருகினாள். குழாயடியில் கிடந்த பாத்திரங்களை இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கழுவி வைத்தவற்றையும் எடுத்துத் தேய்த்தாள். நார் உரசுகிற சத்தம் பறைச் சத்தத்துக்கு மேல் எழும்பியது.

ஜானகி வாசலிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போய், அடிப்பிடித்துக் கிடந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் தேய் அண்ணி" என்றாள். "ரொம்ப நாளா போகல."

தானும் ஒரு நாரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.